கையுறையைக் கழற்றுகிறவள்

மே 3

அன்புள்ள அம்மா,

வந்து சேர்ந்துவிட்டேன். ரயிலில் எனக்கு மூச்சு இழுக்கவில்லை. மருந்தைக் கைப்பையின் மேல் அறையிலேயே வைத்திருக்கிறேன். "போன் பண்ணாத, உன் சித்தி நடுவுல வாங்கிப் பேசுவா. லெட்டர் போடு" என்று நீ சொன்னதால் எழுதுகிறேன். நீ சொல்லியிருக்காவிட்டாலும் எழுதியிருப்பேன். எழுதாமல் இருக்க முடியாத இடத்துக்கு அப்பா என்னை அனுப்பியிருக்கிறார். நம் வீட்டுக் கூரையைப் பிரிக்கிற தூசிக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

சித்தியின் ஸ்டூடியோ முன்பு பஞ்சுக் கிடங்காக இருந்ததாம். மேலே இரண்டு அறை வீடு, கீழே ஸ்டூடியோ. ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் மூடியிருக்கிறார்கள். பகல் பதினொரு மணிக்கு நல்ல வெயிலிலிருந்து உள்ளே போனேன். ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும் ஒரு பெண் தெரிந்தாள். முழுதாக இல்லை. ஒரு கண், பாதி உதடு, கழுத்தில் ஒரு வெளிச்சக் கோடு, மழைக்கோட்டின் காலரில் ஒரு கோடு. மற்றதெல்லாம் இருட்டு. மரப்பட்டைகளைக் கிடையாக அடுக்கிய ஒரு திரையைக் கம்பத்தில் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் விளக்கு வைத்திருக்கிறார்கள். ஜன்னலே இல்லாத இடத்தில் ஜன்னலின் நிழல்! எனக்கு ஒரு கணம் மூச்சு நின்றது. பயப்படாதே, இழுப்பு இல்லை, இது வேறு மாதிரி.

அந்தப் பெண் மாடல். ரொம்ப உயரம், ரொம்ப ஒல்லி. எல்லோரும் அவளை ஒட்டடைக்கம்பு என்று கூப்பிடுகிறார்கள், அவளும் "என்னங்க" என்று திரும்புகிறாள். விளக்குகளைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அப்பா வயது இருக்கும். நான் கையில் புத்தகத்தோடு நின்றதைப் பார்த்து, "இங்க பாரு வாத்தியாரம்மா, அந்த ஒயரை மட்டும் மிதிச்சே, நாம எல்லாருமே கறுப்பு வெள்ளை ஆயிடுவோம்" என்றார். அப்போதிலிருந்து இங்கே என் பெயர் வாத்தியாரம்மா.

ஒரு ஃபேஷன் பத்திரிகை சித்திக்கு எட்டுப் பக்கம் கொடுத்திருக்கிறது. மழைக்கால கோட்டுகள், தொப்பிகள், கையுறைகள். எல்லாம் பழைய கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களில் வருகிற பெண்ணின் சாயலில் இருக்க வேண்டுமாம். சொந்த ஸ்டூடியோ வைத்து ஆறு வருஷமாக சோப்பு டப்பாவையும் பள்ளிச் சீருடையையும் படம் எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு இது முதல் வாய்ப்பு. மாத முடிவுக்குள் எட்டுப் படமும் கொடுக்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு வெளிநாட்டுப் பெயர் உண்டு. ஃபெம் ஃபதால். அகராதியில் தேடினேன். 'ஆணை மயக்கி அழிவுக்கு இட்டுச் செல்பவள்' என்று போட்டிருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

உன் அன்பு மகள்


மே 7

பெரிய மனுஷிக்கு,

கடிதம் கிடைத்தது. இரவில் ஜன்னலைச் சாத்திப் படு. பழைய பஞ்சுக் கிடங்கு என்றால் மூலைகளில் தூசி இருக்கும், மூக்கில் துணி கட்டாமல் எதையும் பெருக்காதே. கணக்குப் புத்தகம் பெட்டியிலேயே கிடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கூரை பாதி பிரித்தாயிற்று. சாப்பாட்டுத் தட்டில் வானம் தெரிகிறது. தையல் ஆலையின் வெட்டுப் பிரிவில் எனக்கு இந்த வாரமும் இரண்டு ஷிப்ட். பேன்ட், பேன்ட், பேன்ட். கனவிலும் கால்களாக வருகின்றன.

உன் அகராதியை எழுதினவர் அந்தப் படங்களை ஆண்கள் வரிசையில் உட்கார்ந்து பார்த்திருப்பார். நாங்கள் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். நாங்கள் என்றால் நானும் அவளும். சனிக்கிழமை பகல் காட்சி. அதை விடு.

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். அந்த ஒட்டடைக்கம்பு கழுத்தை எப்படி வைத்துக்கொள்கிறாள்? கோட் அவள் தோளில் எங்கே உட்கார்கிறது? கையில் என்ன இருக்கிறது? எங்கே பார்க்கிறாள்? நேரமிருந்தால் எழுது. கட்டாயமில்லை.

அம்மா


மே 10

அன்புள்ள அம்மா,

நேரம் இருக்கிறது, ஆனால் வீட்டில் சிரிப்பு இல்லை.

நேற்று பத்திரிகையிலிருந்து ஆசிரியை அம்மா வந்தார். சித்தி எடுத்த பன்னிரண்டு சோதனைப் படங்களைச் சுவரில் குத்தி வைத்திருந்தாள். எனக்கு ஒவ்வொன்றும் கோயிலுக்குள் நுழைந்தது போல இருந்தது. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு இரண்டு சுற்று நடந்தார். "ரொம்ப அழகா இருக்கு" என்றார். சித்தி சிரித்தாள். "ஆனா எனக்கு பயமே வரலையே" என்றார். சித்தியின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது, எடுக்க மறந்த பாத்திரம் மாதிரி.

அவர் போன பிறகு மாடல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், உதட்டைக் கோணினாள், புருவத்தைத் தூக்கினாள். விளக்குக்காரர், "மூக்குக்கண்ணாடி தொலைஞ்சு போனவ மாதிரி இருக்கும்மா" என்றார். "நீங்க வந்து நின்னு பாருங்க" என்று அவள் தொப்பியை அவர் தலையில் வைத்தாள். அவரும் இடுப்பில் கைவைத்து நின்றார். எல்லோரும் சிரித்தோம், சித்தியைத் தவிர. அவள் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நீ கேட்டவை. கழுத்து அடிக்கோல் வைத்த மாதிரி நேராக இருக்கிறது. கோட் தோளில் கச்சிதமாக உட்கார்கிறது, ஒரு சுருக்கம்கூட இல்லை, மெழுகு பூசின மாதிரி. ஒரு கையில் பற்றவைக்காத சிகரெட், இன்னொரு கை இடுப்பில். நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். அவள் நல்லவள் அம்மா. எனக்குத் தன் மிட்டாயில் பாதி தருவாள். ஆனால் சிரிக்கும்போது முழுதாகச் சிரிக்க மாட்டாள், ஹ், ஹ் என்று சின்னச் சின்ன மூச்சாக விடுவாள். எனக்கு இழுப்பு வரும்போது இருப்பது போல.

உன் மகள்


மே 13

பெரிய மனுஷிக்கு,

அந்தக் கோட்டின் முதுகைப் போய்ப் பார். கிளிப் போட்டிருப்பார்கள். ஐந்து இருக்கும், ஆறுகூட இருக்கலாம். உடம்புக்குப் பெரிதான கோட்டைப் பின்னால் இழுத்துக் கிளிப் மாட்டினால் முன்னால் மெழுகு பூசின மாதிரிதான் தெரியும். உள்ளே இருப்பவளால் மூச்சு விட முடியாது. மூச்சு விட முடியாதவளைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்? பாவமாக இருக்கும்.

கிளிப்பை எல்லாம் எடுக்கச் சொல். நடு முதுகுத் தையலைப் பிரித்து, அவள் அளவுக்குப் பிடித்துத் தைக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை. தைத்த பிறகு அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு அவள் காலை முழுக்க உட்கார்ந்திருக்கட்டும், சாப்பிடட்டும், உன்னோடு தாயம் விளையாடட்டும். அப்போதுதான் முழங்கையில் சுருக்கம் விழும், மடியில் சுருக்கம் விழும். அந்தப் படங்களில் வருகிறவள் மூன்று நாளாக யாருக்காகவோ காத்திருந்தவள். கடையிலிருந்து நேரே வந்தவள் இல்லை.

சிகரெட் வேண்டாம். கையுறை இருக்கிறதே, அதைக் கழற்றட்டும். சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக. வேலையில் கவனம் இருக்கட்டும். அவள் யாரையும் மயக்க முயற்சி செய்யக் கூடாது. அந்தப் பெண்கள் ஆளைப் பார்க்கவே மாட்டார்கள். கிளாஸைப் பார்ப்பார்கள், தீப்பெட்டியைப் பார்ப்பார்கள், கதவைப் பார்ப்பார்கள். ஆள்தான் அவளையே பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு முன்பே அவள் முடிவு செய்துவிட்டாள், அதுதான் பயம்.

நான் சொன்னேன் என்று சொல்லாதே. சொன்னால் அடுத்த ரயிலில் வந்து உன்னைக் கூட்டிப் போவேன், கூரை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

அம்மா

கணக்கு?


மே 17

அம்மா அம்மா அம்மா,

ஆறு கிளிப்!

நான் போய் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். கறுப்புக் கிளிப்புகள், முதுகெலும்பு மாதிரி வரிசையாக. "சித்தி, இவங்களால மூச்சு விட முடியல" என்றேன். மாடல், "அப்பாடா, யாராவது கேட்டீங்களே" என்றாள். நீ எழுதியதை அப்படியே ஒப்பித்தேன், என் வார்த்தைகள் மாதிரி நடுநடுவே கொஞ்சம் யோசித்து யோசித்து. முதுகுத் தையல், முழங்கைச் சுருக்கம், கையுறை, சுண்டுவிரல். சித்தி கேமராவின் பின்னாலிருந்து மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

சித்தியே தையலைப் பிரித்துத் தைத்தாள். மாடலும் நானும் காலை முழுக்கத் தாயம் விளையாடினோம், அவள் ஒன்பது முறை தோற்றாள். மத்தியானம் அவள் அந்தக் கோடுபோட்ட வெளிச்சத்தில் உட்கார்ந்து கையுறையின் சுண்டுவிரலை இழுத்தாள். அம்மா, எனக்கு மிட்டாய் கொடுத்த அதே விரல்கள்தான். ஆனால் நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். விளக்குக்காரர் மெல்லச் சொன்னார்: "யாரோ சாகப் போறாங்க, நானா இருந்தாலும் சம்மதம்."

மூன்று நாளில் ஏழு படங்கள் முடிந்துவிட்டன. ஆசிரியை அம்மா பார்த்துவிட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

இன்னொரு செய்தி. சித்தி நேற்று கேட்டாள், "யோசனை உன்னோடதுதானே வாத்தியாரம்மா, பத்திரிகையில உன் பேரைப் போடலாமா?" அச்சில் என் பெயர்! பள்ளி நூலகத்தில் அந்தப் பத்திரிகை வரும். நீதான் உன்னைச் சொல்ல வேண்டாம் என்றாயே, அதனால் இதில் தப்பில்லைதானே? சீக்கிரம் பதில் போடு.

உன் மகள்


மே 20

மகளுக்கு,

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, அவளுக்குப் பத்தொன்பது. மாமாவிடம் ஒரு கேமரா கடன் வாங்கினோம். தாத்தாவின் கிழிந்த கோட்டைப் பிரித்து, துணியை உள்பக்கம் வெளியே திருப்பி, ஒரு பெண்ணுக்கு அளவாக வெட்டித் தைத்தேன். என் சிநேகிதியை மாடிப்படியில் நிற்கவைத்தேன். எத்தனையாவது படி, எந்தக் கை கைப்பிடிச் சுவரில், எங்கே பார்வை, எல்லாம் நான். வெயில் ஜன்னல் கம்பி வழியாக எப்போது விழும் என்று நான்கு நாள் பார்த்து வைத்தவளும் நான். அவள் கேமராவை அமுக்கினாள். நன்றாகத்தான் அமுக்கினாள், அதையும் சொல்ல வேண்டும்.

படம் ஒரு போட்டியில் முதலாவதாக வந்தது. பத்திரிகையில் போட்டார்கள். கீழே ஒரு பெயர்தான் இருந்தது. கேட்டேன். "அமுக்கினது நான்தானேக்கா" என்றாள். அவள் திருடவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள், அவள் சும்மா இருந்துவிட்டாள். அந்தப் படத்தால் அவளுக்கு ஒரு ஸ்டூடியோவில் வேலை கிடைத்தது. நான் பேன்ட் வெட்டப் போனேன். பதினாறு வருஷம் ஆகிறது.

என் பெயரைச் சொல்லாதே என்று சொன்னது நான். அதனால் உன்மேல் குற்றமில்லை. உன் பெயரைப் போடலாமா என்று கேட்கிறாய். அது உன் பெயர். நான் போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை.

மருந்து தீர்ந்திருக்கும். வாங்கிக்கொள்.

அம்மா


மே 22

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தைப் படிக்கட்டில் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். பிறகு நான் அனுப்பிய கடிதத்தை நினைத்துப் பார்த்தேன். 'என் வார்த்தைகள் மாதிரி' என்று நானே எழுதியிருக்கிறேன். அதை உனக்கே எழுதியிருக்கிறேன். காது சூடாகிவிட்டது.

இருட்டறைக் கதவைத் தட்டினேன். உள்ளே சிவப்பு விளக்கு. சித்தி தட்டில் படத்தை அலசிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, அதெல்லாம் நான் யோசிச்சது இல்ல."

"எது?"

"கிளிப்பு, முழங்கை, கையுறை. எல்லாம் அம்மா எழுதினது. நான் ஒப்பிச்சேன்."

அவள் திரும்பவில்லை. "தெரியும்" என்றாள். "முதுகுப் பக்கம் போய்ப் பாக்கணும்னு உலகத்துல ஒருத்திக்குத்தான் தோணும்."

"அப்புறம் ஏன் என் பேரைப் போடலாமான்னு கேட்டீங்க?"

"நீ என்ன பண்றேன்னு பாக்கத்தான். நான் கேட்டு எத்தனை நாள் ஆச்சு?"

எண்ணிச் சொன்னேன். "ஆறு நாள்."

"எனக்குப் பதினாறு வருஷம்டி. நீ எவ்வளவோ தேவலாம்." தட்டிலிருந்த படம் ரொம்ப நேரமாகத் தண்ணீரிலேயே இருந்தது. "மூணு தடவை ரயில் ஏறியிருக்கேன். உங்க தெரு முனை வரைக்கும் வந்து திரும்பியிருக்கேன். என்ன சொல்றதுன்னு தெரியல. மன்னிச்சுடுன்னு சொன்னா, அவ சரின்னுடுவா. அத்தோட முடிஞ்சுடும். அவளுக்கு என்ன திரும்பக் கிடைக்கும்?"

 இது நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

எட்டாவது படம் இரண்டு பக்கத்துக்குச் சேர்த்து வருகிற பெரிய படம். அதைச் சித்தி இன்னும் எடுக்கவில்லை. இனிமேல் உன்னிடமிருந்து வருவதைத் தெரியாத மாதிரி நடித்து வாங்கிக்கொண்டு கேமராவை அமுக்க மாட்டாளாம். "அக்காவை வரச் சொல்லி எழுது" என்றாள். உடனே, "இல்ல, அப்படி எழுதாத. எட்டாவது படம் நிக்குதுன்னு மட்டும் எழுது" என்றாள்.

எட்டாவது படம் நிற்கிறது.

என்னை மன்னித்துவிடு அம்மா.

உன் மகள்


மே 28

அன்புள்ள அம்மா,

நான் பதில் கடிதத்துக்காகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதத்துக்குப் பதிலாக நேற்று நீயே வந்தாய். காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் போய்விட்டாய். நீ எப்படி இருந்தாய் என்று உனக்குத் தெரிந்திருக்காது, நீதான் உன்னைப் பார்க்கவில்லையே. நான் பார்த்தேன், எழுதுகிறேன்.

வேலைக்குப் போகிற உடுப்பிலேயே வந்தாய். கழுத்தில் அளவு நாடாவைக்கூட எடுக்கவில்லை. சித்தி கதவருகே நின்று "அக்கா" என்றாள். நீ அவளைத் தாண்டிப் போய் விளக்கைப் பார்த்தாய், திரையைப் பார்த்தாய், நாற்காலியைப் பார்த்தாய். பிறகு மாடலிடம், "எழுந்திரும்மா, ஒரு நிமிஷம்" என்று சொல்லி அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்தாய்.

அவளுக்குக் காட்டுவதற்காகத்தான் உட்கார்ந்தாய், தெரியும். அவள் கையுறையை வாங்கி மாட்டினாய். கோடுகள் உன் முகத்தில் விழுந்தன. நீ சுண்டுவிரலை இழுத்தாய். எங்களில் யாரும் அங்கே இல்லாத மாதிரி, உன் முன்னால் ஒரே ஒரு வேலைதான் இருக்கிற மாதிரி. நாலாவது விரலில் நிறுத்தினாய். கண்ணை உயர்த்திக் கதவைப் பார்த்தாய். அம்மா, எனக்கு உன்னிடம் எதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும் போலிருந்தது, செய்யாத குற்றமாக இருந்தாலும். விளக்குக்காரர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "இவங்களை இத்தனை வருஷம் எங்கம்மா பூட்டி வச்சிருந்தீங்க?" என்று சித்தியிடம் கேட்டார். பேன்ட் வெட்டுகிறவள் என்று நான் பள்ளியில் எழுதிக்கொடுக்கிற என் அம்மாவை எனக்கு அந்த நிமிஷம் தெரியவில்லை. ஒருவேளை அந்த நிமிஷம்தான் தெரிந்ததோ என்னவோ.

நான் சித்தியைப் பார்த்தேன். கேமரா அவள் முன்னால்தான் இருந்தது. அமுக்கியிருந்தால் அதுதான் வருஷத்தின் படம். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். இறுக்கிப் பிடித்து விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. நீ அதைக் கவனித்தாய் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகுதான் எழுந்து மாடலை உட்காரவைத்துவிட்டு, போய்க் கேமராவின் பக்கத்தில் நின்றாய்.

நாள் முழுக்க நீ சித்தியிடம் பேசியது நான்கு சொற்கள். எண்ணினேன். "லைட்டைக் கொஞ்சம் இறக்கு." இறக்கினாள். மாடல் கையுறையை இழுத்தாள், நாலாவது விரலுக்கு வந்தாள், கண்ணை உயர்த்தினாள். நீ "இப்ப" என்றாய். சித்தி அமுக்கினாள். உன் சொல்லும் அந்தச் சத்தமும் ஒன்றாகவே கேட்டன, இரண்டு பேர் செய்த மாதிரியே இல்லை.

நீ போன பிறகு சித்தி தனியாக அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

இன்று படத்தைக் கழுவி எடுத்தோம். பத்திரிகையிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. அதில் 'படம்' என்று போட்டு ஒரு கோடு இருக்கிறது, பெயர் எழுத. சித்தி அதன் கீழே இன்னொரு கோடு போட்டாள். உன் பெயர் அதில் வரும், அது முடிவு. ஆனால் பெயருக்கு முன்னால் என்ன வேலை என்று போடுவது? 'உதவி' என்றேன். "அப்படிப் போட்டா உங்கம்மா ரயில் ஏறி வந்து என்னைக் கொன்னுடுவா" என்றாள். 'உடை' என்றால் உடை மட்டும் இல்லை. 'யோசனை' என்றால் ஏதோ சும்மா உட்கார்ந்து சொன்ன மாதிரி இருக்கிறது. அகராதியைப் புரட்டினேன், உன் வேலைக்கு அதில் சொல் இல்லை. ஜூன் நான்காம் தேதிக்குள் தாள் போய்ச் சேர வேண்டும். "அவளையே கேளு" என்றாள் சித்தி.

கேட்கிறேன்.

உன் மகள்


மே 30

மகளுக்கு,

கூரை போட்டாயிற்று. தூசி அடங்க இன்னும் நாலு நாள் ஆகும். அதுவரை அங்கேயே இரு.

என் பெயரை மேல் கோட்டில் எழுது. நான் மூத்தவள். அவள் பெயர் கீழே. 'படம்' என்பதை அடித்துவிடச் சொல். எனக்கும் ஒரு வேலையும் போட வேண்டாம். வெறும் இரண்டு பெயர். யார் எதைச் செய்தாள் என்று பார்க்கிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும்.

உன்னைக் கூட்டிவர அவளையே வரச் சொல். தெரு முனையில் நிற்க வேண்டாம், வீடு வரைக்கும் வரட்டும்.

அம்மா